எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்

(பொதுக்காலத்தின் 2ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: யோவான் 2:1-11)



கானாவூர் திருமணத்தைப் பற்றி நீங்கள் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருப்பீர்கள். அன்னை மரியா பரிந்து பேசியதைப் பற்றியும், திருமண வாழ்வின் மேன்மையைப் பற்றியும் நானே பலமுறை பேசியிருக்கிறேன். ஆனால் அந்தப் பந்தி மேற்பார்வையாளரைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இந்த ஆண்டு அவரைப் பற்றி யோசிக்க வைத்தது எங்கள் பங்கில் நடந்த ஓர் அன்பியக் கூட்டம்.

இந்த நற்செய்தியை வாசித்து முடித்ததும், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த ஒரு தம்பி எழுந்தார். அவருக்குச் சுற்றுலாக் கப்பல் ஒன்றில் உணவு பரிமாறும் வேலை. "ஃபாதர், ஒரு சந்தேகம். இதுதான் நல்ல இரசம்னு அந்த மேற்பார்வையாளர் எப்படிச் சொன்னார்? எங்க கப்பல்ல ஒருத்தர் ஆகா ஓகோன்னு குடிக்கிற ஒயினை, பக்கத்து மேசைக்காரர் முகத்தைச் சுளிச்சு வெச்சிடுவார். விலையைப் பார்த்த பிறகுதான் பாதிப் பேருக்கு ருசியே தெரியும். அவரவர் நாக்குதானே ஃபாதர்? இதுல நல்லது கெட்டதுன்னு தனியா ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு பாட்டி, "ஆண்டவர் செஞ்சது நல்லா இல்லாம போகுமா?" என்று அதட்டிவிட்டார். கூட்டம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. ஏனென்றால் இன்றைய இளைஞர்கள் இரசத்தைப் பற்றி மட்டும் இப்படிச் சொல்வதில்லை. செபத்தைப் பற்றி, உறவுகளைப் பற்றி, சரி எது, தவறு எது என்பதைப் பற்றிக்கூட, "அது உங்க டேஸ்ட், இது என் டேஸ்ட்" என்கிறார்கள். பெரியவர்கள் நாமும் வாயால் சொல்லாமல் அப்படித்தான் வாழ்கிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். திராட்சை இரசத்தைப் பற்றிப் பேசுவதால் சாமியாரே குடிக்கச் சொல்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியால் கணவனை இழந்த பெண்கள் என் பங்கில் எத்தனை பேர் என்பது கல்லறைத் தோட்டத்துப் பதிவேட்டை எழுதும் எனக்குத் தெரியும். நான் இங்கே பேசுவது குடிப்பதைப் பற்றியல்ல, மதிப்பிடுவதைப் பற்றி.

தம்பி கேட்டது புதிய கேள்வியல்ல. குருமடத்தில் மெய்யியல் படித்தபோது இம்மானுவேல் காண்ட் என்ற ஜெர்மானிய அறிஞரைப் படித்தோம். 1790இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதற்குத் திராட்சை இரசத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். கேனரித் தீவுகளின் இரசம் இனியது என்று ஒருவர் சொன்னால், எனக்கு இனியது என்று அவரைத் திருத்தலாம். அவரும் ஒப்புக்கொள்வார் என்கிறார். நாவுக்கு இனிமையானதில் வழக்காட முடியாது என்பது அவர் கருத்து. கப்பல் தம்பி காண்ட்டைப் படிக்காமலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்!

ஆனால் எங்கள் கோவில்பிள்ளை இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு மே மாதத்தில், பாதி தீர்ந்த இரசப் போத்தல் ஒன்று சாக்ரிஸ்டி அறையில் மூடி சரியாக இறுகாமல் சில நாள்கள் இருந்துவிட்டது. திருப்பலிக்கு ஊற்றப்போனவர் முகர்ந்து பார்த்து, "சாமி, இது காடியாயிடுச்சு, வேற எடுத்தாறேன்" என்று திரும்பினார். நானும் முகர்ந்தேன். சந்தேகமே இல்லை. காற்றுப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதிலிருந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக மாற்றிவிட்டிருந்தன. 'உமக்குக் காடி, எனக்கு இரசம், அவரவர் நாக்கு' என்று நான் அவரிடம் வாதாடியிருக்க முடியுமா?

திருச்சபைச் சட்டம் எண் 924 இதைத் தெளிவாகச் சொல்கிறது. திருப்பலிக்கான இரசம் இயற்கையானதாக இருக்க வேண்டும். திராட்சைக் கனியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். இனிப்பா, துவர்ப்பா, சிவப்பா, வெள்ளையா, எந்த நாட்டுத் தோட்டம் என்றெல்லாம் அந்தச் சட்டம் கேட்கவில்லை. எங்களுக்கு வரும் இரசம் கொஞ்சம் இனிப்பானது. எனக்கு அவ்வளவு இனிப்பு பிடிக்காது. அது என் நாக்கின் பாடு. திருச்சபைக்கு அதில் அக்கறையில்லை. கெட்டுப்போயிருந்தால் மட்டும் எவ்வளவு ஆசையாக நான் கேட்டாலும் பீடத்துக்கு அது ஆகாது. 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கும் 'நல்லது' என்பதற்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் நமக்கு முழு உரிமை. மறுபக்கத்தில் நமக்கு உரிமை கிடையாது.

இதற்கு அழகான ஒரு கதை உண்டு. ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வாந்தேஸ் 1615இல் வெளியிட்ட டான் கிஹோத்தே இரண்டாம் பாகத்தில் வருகிறது. ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1757இல் இரசனையைப் பற்றி எழுதிய கட்டுரையில் அதைச் சற்று மாற்றிச் சொல்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் ஒரு பீப்பாய் இரசத்தைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல அழைக்கப்படுகிறார்கள். ஒருவர் சுவைத்துவிட்டு, நல்ல இரசம்தான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது என்கிறார். மற்றவரும் நல்ல இரசம் என்றே சொல்கிறார். ஆனால் அவருக்குத் தெரிவது இரும்பு வாடை. சுற்றி இருந்தவர்கள் இருவரையும் கேலி செய்கிறார்கள். பிறகு பீப்பாய் காலியாகிறது. அடியில் கிடக்கிறது, தோல்வாரில் கட்டிய ஒரு சாவி!

குருமடத்தில் இதை முதலில் படித்தபோது, நுட்பமான நாக்கு உள்ளவர்கள் வென்றார்கள் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. இருவரும் சரி. ஆனால் இருவருக்கும் பாதிதான் தெரிந்தது. தோல் என்றவருக்கு இரும்பு தெரியவில்லை. இரும்பு என்றவருக்குத் தோல் தெரியவில்லை. கருத்துகள் வேறுபட்டதால் உள்ளே ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டிச் சிரித்தவர்கள்தாம் முழுக்கத் தவறியவர்கள். கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தில் உண்மை கிடையாது என்பவர்களிடம் நான் இந்தச் சாவியைத்தான் காட்டுவேன்.

ஆனால் தம்பி சொன்னதில் பாதி நியாயம் உண்டு. விலையைப் பார்த்த பிறகுதான் ருசி தெரிகிறது என்றாரே, அது உண்மை.

பாரிஸ் நகரில் இரசக் கடை நடத்திய ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர் 1976 மே 24 அன்று ஒரு போட்டி வைத்தார். ஒருபுறம் பிரான்ஸின் புகழ்பெற்ற இரசங்கள். மறுபுறம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா இரசங்கள். இரசத்தைப் பொறுத்தவரை கலிஃபோர்னியா அன்றைக்கு ஒரு நாசரேத்து. அங்கிருந்து என்ன நல்லது வரப்போகிறது என்ற எண்ணம். நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். அந்தத் துறையில் பெயர் பெற்றவர்கள். எந்தப் போத்தலில் எது என்று தெரியாதபடி மறைத்துவிட்டு, 20க்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெள்ளை இரசத்தில் முதலிடம், சிவப்பு இரசத்தில் முதலிடம் இரண்டும் கலிஃபோர்னியாவுக்குப் போயின. வெள்ளை இரசத்தைத் தயாரித்தவர் குரோவேஷியாவிலிருந்து பிழைக்க வந்த மைக் கிர்கிச். நடுவர்களில் சிலர் கலிஃபோர்னியா இரசத்தைச் சுவைத்துவிட்டு இதுதான் பிரான்ஸ் என்று மகிழ்ந்தார்கள். பிரெஞ்சு இரசத்தைக் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். அங்கே இருந்த ஒரே செய்தியாளர் அதைக் குறித்துவைத்துப் பத்திரிகையில் எழுதிவிட்டார்.

நாக்கு மாறவில்லை, இரசமும் மாறவில்லை. சீட்டு மட்டும் மறைக்கப்பட்டிருந்தது.

சீட்டை மறைத்தால் போதும், உண்மை தானாக வந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பிரான்ஸின் போர்தோவில் இரசவியல் படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை இரசத்தில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு அது. சிவப்பு இரசத்துக்கு உரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். கண் சொன்னதை மூக்கு கேட்டுக்கொண்டது. ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற அமெரிக்கப் பேராசிரியர் இன்னொன்று செய்தார். கலிஃபோர்னியாவின் பெரிய போட்டி ஒன்றில், ஒரே போத்தலிலிருந்து ஊற்றிய இரசத்தை ஒரே நடுவருக்கு மூன்று முறை, அவருக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே பதக்க நிலைக்குள் மதிப்பெண் போட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தாம். சிலர் ஒரே இரசத்துக்கு ஒருமுறை வெண்கலம், மறுமுறை தங்கம் கொடுத்தார்கள்.

இதைப் படித்தவர்கள் பலர், எல்லாமே ஏமாற்று என்று கைதட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. பிடித்ததைக் காட்டிலும் பிடிக்காததில் நடுவர்கள் ஓரளவு உறுதியாக இருந்தார்கள். நம் மனச்சான்றும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து கேட்கும் எனக்குத் தோன்றுகிறது. எது புனிதம் என்று கேட்டால் தடுமாறுவோம். எது அழுகல் என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிந்தே இருக்கிறது.

நடுவர் தடுமாறுகிறார் என்பதால் இரசத்துக்குத் தரமே இல்லை என்று ஆகிவிடாது. காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி கசக்கிறது, கஞ்சியில் கசப்பில்லை. அரிஸ்டாட்டிலும், அவரைப் பின்பற்றிப் புனித தாமஸ் அக்குவினாசும் இந்த எடுத்துக்காட்டைத்தான் சொல்கிறார்கள். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நம் முன்னோர்களும் சொல்லிவைத்தார்கள். நாக்கு நோயுற்றிருந்தால் குணமாக்க வேண்டியது நாக்கைத்தான். லத்தீன் மொழியில் ஞானத்தைக் குறிக்கும் 'சாப்பியென்சியா' என்ற சொல், சுவைத்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. நாக்கைப் பழக்குவதற்கும் ஞானம் பெறுவதற்கும் ஒரே வேர்.

இப்போது கானாவூருக்கு வருவோம்.

ஆறு கல்தொட்டிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 80 முதல் 120 லிட்டர் கொள்ளும். விளிம்புவரை நிரப்பிய தண்ணீர் இரசமாகிறது. மேற்பார்வையாளரிடம் கொண்டுபோகிறார்கள். அவர் சுவைக்கிறார். அந்த இடத்தில் யோவான் ஒரு சிறு குறிப்பை வைக்கிறார்: அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது, தண்ணீர் மொண்ட பணியாளர்களுக்குத் தெரியும். ஏன் இதைச் சொல்ல வேண்டும்? இந்தக் குறிப்பு இல்லாவிட்டாலும் கதை ஓடும். ஆனால் இது இருப்பதால்தான் அவருடைய தீர்ப்புக்கு மதிப்பு. இயேசு செய்தது என்று தெரிந்திருந்தால், எங்கள் அன்பியத்துப் பாட்டியைப் போல, நன்றாக இல்லாமல் போகுமா என்று சொல்லியிருக்கலாம். நாசரேத்துத் தச்சர் செய்தது என்று தெரிந்திருந்தால், வேறு சிலரைப் போல உதட்டைப் பிதுக்கியிருக்கலாம். அவர் இரண்டும் செய்யவில்லை. வாயில் இருந்ததை மட்டும் வைத்து, இது நல்லது என்றார். பாரிஸ் நடுவர்கள் சீட்டை மறைத்துச் செய்ததை, அவர் அன்றைக்கே, தம்மை அறியாமல் செய்தார்.

இன்னொன்றும் கவனியுங்கள். நல்ல இரசத்தை முதலில் வைப்பார்கள், விருந்தினர் நன்றாகக் குடித்த பிறகு மட்டமானதை வைப்பார்கள் என்று அவரே மணமகனிடம் சொல்கிறார். அதாவது, குடித்த நாக்குக்கு வேறுபாடு தெரியாது என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை. அப்படியானால் ஆண்டவர் கொடுத்த அந்த உயர்ந்த இரசம், அதன் தரத்தை அறிய முடியாத நிலையில் இருந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது! பந்தியில் எத்தனை பேர் அதை உணர்ந்தார்களோ. உணராதவர்கள் வாயிலும் அது நல்ல இரசமாகவே இருந்தது. தம்பியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த நேரடியான பதில் இதுதான். யாரும் கண்டுகொள்ளாவிட்டாலும் நல்லது நல்லதே.

'எங்கிருந்து' என்ற இந்தச் சொல்லில் யோவானுக்குத் தனிப் பிரியம். நற்செய்தி முழுவதும் அது வருகிறது. சமாரியப் பெண் வாழ்வளிக்கும் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கிறார். பார்வை பெற்றவரிடம் பரிசேயர்கள், இவன் எங்கிருந்து வந்தவன் என்றே எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். கடைசியில் பிலாத்து இயேசுவையே கேட்கிறான், நீ எங்கிருந்து வந்தவன் என்று. இவற்றுக்கெல்லாம் முன்பு, முதல் அதிகாரத்தில், நாசரேத்திலிருந்து நல்லது ஏதாவது வருமா என்று கேட்டவர் நத்தனியேல். அவருடைய சொந்த ஊர் எது தெரியுமா? நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில்தான் யோவான் அதைச் சொல்கிறார். கானா! நாசரேத்தைப் பழித்தவருடைய ஊரிலேயே, நாசரேத்தூரார் தந்த இரசத்தை, எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒருவர், நல்லது என்று சொல்லிவிட்டார்.

நேயர்களே, நாம் ஒருவரைச் சந்தித்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன? பேரைக் கேட்கிறோம். அடுத்து, 'எந்த ஊரு?' மூன்றாவது கேள்வி, 'ஊர்ல எந்தத் தெரு?' அந்த மூன்றாவது கேள்வி எதற்காக என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதில் கிடைத்த பிறகுதான் நமக்கு ருசி தெரிகிறது.

மற்றவர்களைச் சொல்வானேன். நான் குருவாகி மூன்றாம் ஆண்டு, உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, மறைவட்ட அளவில் கிறிஸ்து பிறப்புப் பாடல் போட்டி நடந்தது. எனக்குக் கொஞ்சம் இசை தெரியும் என்பதால் நடுவராக உட்கார வைத்தார்கள். ஒன்பது குழுக்கள். ஏழாவதாக வந்தது ஒரு கிளைப் பங்கின் குழு. சீருடை இல்லை, கீபோர்டு இல்லை. ஒரு பழைய ஆர்மோனியம், ஒரு டோலக். அந்த ஊரையும் எனக்குத் தெரியும், அவர்கள் தெருவையும் தெரியும். அவர்கள் கடைசி இடத்துக்குப் போனார்கள். மதிப்பெண் போட்டதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. நேர்மையாகத்தான் போட்டேன் என்று நம்பினேன்.

சில மாதங்கள் கழித்து, நண்பரான ஒரு குருவின் அறையில் கேசட்டில் ஒரு பாடல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் குரல் அவ்வளவு சுத்தம். ஏதோ குருமடத்துப் பாடகர் குழு என்று நினைத்து, "யாருடா இது, பிரமாதமா பாடுறாங்களே?" என்று கேட்டேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான். "உன் போட்டியில பதிவு பண்ணதுதான். நீ கடைசியில தள்ளுனியே, அந்தப் பிள்ளைங்க."

அந்த ஊருக்குப் போய் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. குழுவை நடத்திய பெரியவரை, ஓர் அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்தில் வைத்துச் சந்தித்தேன். நடந்ததைச் சொல்லி, "அன்னைக்குத் தப்பா மார்க் போட்டுட்டேன் ஐயா, மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவருக்கு வியப்பே இல்லை. "தெரியும் சாமி. நாங்க பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க எழுதி முடிச்சிட்டீங்க. முன் வரிசையில நின்ன பிள்ளைங்க பாத்துட்டாங்க" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வர்ற திருவிழாவுக்கு வாங்க சாமி, புதுசா நாலு பாட்டு கட்டியிருக்கோம்" என்றார்.

அந்தத் திருவிழாவுக்குப் போனேன். நடுவர் நாற்காலி எதுவும் அங்கே இல்லை. பெண்கள் பக்கத்தில் பாயில் இடம் காலியாக இருந்தது. அங்கே உட்கார்ந்து நாலு பாட்டையும் கேட்டேன்.